‘லாட் எப்பங்க வரும்?’

அசிஸ்டென்ட் மெர்ச்சண்டைசர் என்றால் என்ன வேலை என்று, பிள்ளையை அந்த வேலைக்கு அனுப்பியிருக்கும் திருப்பூர் வீடுகளில் கேட்டால், ‘பனியன் கம்பெனி ஆபீஸ்ல மெயில் பார்க்கிறா’ என்பார்கள். பொய்யில்லை. மெயிலும் பார்க்கிறார். ஆனால் ஜெர்மனியிலிருந்து வந்த இரண்டு வரி மெயிலுக்கு ஒரு வரி பதில் போடுவதற்குள் அவர் டையிங்காரரிடம் நான்கு முறை பேசியிருப்பார். சாம்பிள் டெய்லரிடம் கெஞ்சியிருப்பார். பட்டன் வந்து சேரவில்லை என்று ஸ்டோரில் ஒரு மல்லுக்கட்டு நடந்து முடிந்திருக்கும். இத்தனைக்கும் அவருக்கு டையிங்காரர் மேலும் அதிகாரம் இல்லை, டெய்லர் மேலும் இல்லை, ஸ்டோர் மேலும் இல்லை. வாய்தான் இருக்கிறது. போன் இருக்கிறது. ஒரு எக்செல் ஷீட் இருக்கிறது.

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாயை ஒட்டி நடக்கிறது. இவ்வளவு பெரிய வியாபாரத்தை ஏதோ நாலைந்து ராட்சத ஆலைகள் செய்வதாக வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். எல்லா வேலையையும் தன் மதில் சுவருக்குள்ளேயே முடிக்கிற கம்பெனிகளும் உண்டுதான். ஆனால் இந்த ஊரின் பெரும்பகுதி ஜாப் ஒர்க்கில் ஓடுகிறது. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், டையிங் வேறிடம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஒவ்வொன்றுக்கும் தனி முதலாளி, தனி ஷெட், தனி டெலிவரி சலான். ஒரே சட்டைக்கான துணி டாட்டா ஏஸ் வண்டியில் ஊரை மூன்று நான்கு சுற்று வந்த பிறகுதான் கட்டிங் மேசையைத் தொடும். இந்தச் சுற்றில் எது எங்கே நிற்கிறது என்று முழுதாகத் தெரிந்த ஓர் ஆள் கம்பெனியில் உண்டென்றால், பெரும்பாலும் அது முதலாளி இல்லை. ஆபீஸ் மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்த இருபத்துமூன்று வயதுக்காரர்தான்.

இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடி 1978-ல் இந்த ஊருக்கு வந்ததைத் திருப்பூர் ஏற்றுமதியின் தொடக்கமாகச் சொல்வார்கள். வெள்ளை என்பதால் ஷேடு சண்டை குறைவு. பிறகு கலர் வந்தது, பிரிண்ட் வந்தது, குழந்தை உடை வந்தது. கூடவே கோட்டா வந்தது. எந்த நாடு எத்தனை பீஸ் அனுப்பலாம் என்று உச்சவரம்பு இருந்த காலத்தில், கையில் கோட்டா இருந்தாலே பாதி வியாபாரம் முடிந்தது மாதிரி. 2005 ஜனவரி 1-ல் அந்த ஏற்பாடு முழுதாக ஒழிந்தது. அன்று முதல் பங்களாதேஷ், சீனா, வியட்நாம், திருப்பூர் எல்லாம் ஒரே சந்தையில் நிற்கின்றன. விலையில் பங்களாதேஷை முந்துவது கஷ்டம். மிஞ்சுவது இரண்டு: தரம், தேதி. தரத்துக்குத் தனி டிபார்ட்மென்ட் இருக்கிறது. தேதியைக் கடைசியில் யார் தலையில் கட்டினார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

பின்னாலிருந்து எண்ணும் காலண்டர்

ஐரோப்பாவின் ஃபேஷன் மொத்த விற்பனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் அந்தத் தேதியின் கனம் புரியும். அங்கே ஒரு பிராண்டு தன் கடையிலேயே விற்கலாம். அல்லது நூற்றுக்கணக்கான சின்னக் கடைகளுக்கு மொத்தமாக விற்கலாம். இரண்டாவது வகைதான் ஹோல்சேல். துணியை முதலில் தைத்துவிட்டு விற்கப் போவதில்லை. சாம்பிளைக் காட்டி ஆர்டர் பிடித்துவிட்டு, பிறகு தைக்கச் சொல்கிறார்கள். இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஜனவரியிலும் ஜூனிலும் நடக்கிற பிட்டி உவோமோ போன்ற கண்காட்சிகளில் அடுத்த சீசனின் ஆண்கள் உடை கடைக்காரர்கள் முன் வைக்கப்படும். ஜூனில் காட்டுவது அடுத்த ஆண்டு கோடைக்கு. கடைக்காரர் தொட்டுப் பார்த்து, எந்த கலரில் எத்தனை, எந்த சைஸில் எத்தனை என்று எழுதிக் கொடுப்பார். அந்தத் துண்டுச் சீட்டுகளையெல்லாம் கூட்டினால் வருவதுதான் திருப்பூருக்கு வரும் ஆர்டர்.

அங்கேயும் ஓர் அசிஸ்டென்ட் மெர்ச்சண்டைசர் இருக்கிறார். அவருடைய வேலை எண்கள். எந்தக் கடைக்கு எத்தனை பீஸ், எது விற்கிறது, எது தேங்குகிறது, எந்தப் பெட்டி எந்த வாரம் கிடங்கை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் அவர் கணக்கு. கடைக்காரருக்குச் சொன்ன வாரத்தில் சரக்கு போகாவிட்டால் அவர் ஆர்டரை ரத்து செய்யலாம். அதனால் அங்கே இருக்கும் அசிஸ்டென்ட் திருப்பூரில் இருப்பவரை மெயிலில் நெருக்குகிறார். உலக வர்த்தகம் என்று பெரிய பெயரில் பேசுகிறோமே, அதன் அன்றாடம் பெரும்பாலும் இதுதான்: சம்பளம் குறைந்த இரண்டு இளைஞர்கள் நான்கு மணி நேர வித்தியாசத்தில் ஒருவருக்கொருவர் நினைவூட்டிக்கொண்டே இருப்பது.

இந்த வியாபாரத்தில் கம்பெனிகள் அலட்சியப்படுத்துகிற ஓர் இடம் உண்டு. சேல்ஸ்மேன் சாம்பிள். கண்காட்சிக்கும் ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் ஒவ்வொரு ஸ்டைலிலும் பத்து இருபது செட் தைத்து அனுப்ப வேண்டும். சரியான துணியில், சரியான கலரில், சரியான லேபிளோடு. இதில் காசு கிடையாது. புரொடக்‌ஷன் லைனில் ஓடும் 20,000 பீஸை நிறுத்திவிட்டு இந்த இருபதைத் தைக்க எந்த மேனேஜருக்கும் மனசு வராது. ஆனால் மே மாதம் போக வேண்டிய சாம்பிள் ஜூன் கடைசியில் போனால் அந்த ஸ்டைல் கண்காட்சி மேசைக்கே வராது. வராததற்கு ஆர்டர் எப்படி வரும்? கணக்குப் புத்தகத்தில் நஷ்டம் என்று ஏறாத நஷ்டம் இது. யாரும் கேட்பதில்லை. சாம்பிள் ரூம் வாசலில் நின்றுகொண்டு ‘மாஸ்டர், இன்னும் நாலு செட்டுதானுங்க’ என்று இறைஞ்சும் அசிஸ்டென்ட்டுக்கு மட்டும் தெரியும்.

ஆர்டர் உறுதியானதும் ‘டி அண்டு ஏ’ (டைம் அண்டு ஆக்ஷன்) என்ற காலண்டர் போடப்படும். கப்பல் ஏறும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஒவ்வொரு வேலைக்கும் கடைசி நாள் குறிப்பது. 90 நாள் கெடு என்றால் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அப்ரூவலிலேயே கரைந்துவிடும். ஃபிட் சாம்பிள், சைஸ் செட், பிரிண்டுக்கு ஸ்ட்ரைக் ஆஃப், கலருக்கு லேப் டிப், கடைசியாக பிபி சாம்பிள். ஒவ்வொன்றும் கூரியரில் போய், பையர் பார்த்து, கருத்து சொல்லி, திருத்தி, மறுபடி போக வேண்டும். இதற்கு நடுவில் தீபாவளி வரும். ஊருக்குப் போன தொழிலாளர்கள் திரும்பிவரப் பத்து நாளாவது ஆகும் என்பது பையருக்குத் தெரியாது. சீனப் புத்தாண்டு வந்தால் ஜிப்பும் பட்டனும் வராது என்பது நம் முதலாளிகளில் சிலருக்கே ஞாபகம் இருக்காது. இரண்டையும் காலண்டரில் முன்கூட்டியே குறிக்கிறவர்தான் கெட்டிக்கார அசிஸ்டென்ட். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது ஐரோப்பா செல்லும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. பயண நாள் கூடியது. கடையில் சேர வேண்டிய நாள் மட்டும் மாறவில்லை. அந்த வித்தியாசத்தை எந்த வரிசையிலிருந்து கிள்ளி எடுப்பது என்பது இந்த மேசையின் தலைவலியாயிற்று.

நேவி புளூவும் வீரபாண்டி ரோடும்

தேதி எங்கே தொலைகிறது என்று எந்த மெர்ச்சண்டைசரைக் கேட்டாலும் டையிங் பக்கம் கை காட்டுவார்.

பையர் ஒரு பாண்டோன் எண் தருவார். டையிங் யூனிட்டின் லேபில் சின்னத் துண்டுத் துணிகளில் அந்த நிறத்தை ஏ, பி, சி என்று மூன்று விதமாகச் சாயமேற்றித் தருவார்கள். அதை லைட் பாக்ஸில் வைத்துப் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை விளக்குக்கு டிஎல்84. ஒரு வெளிச்சத்தில் அச்சாகப் பொருந்துகிற நேவி புளூ, இன்னொன்றில் ஊதா அடிக்கும். சாயக் கலவை வேறு என்றால் இப்படி ஆகும். புதிதாக வந்தவர் ஜன்னலோரம் போய் நின்று பார்த்துவிட்டு ‘ஓகே’ என்பார். பழகினவர் இரண்டு விளக்கிலும் பார்க்காமல் கூரியர் கவரை ஒட்ட மாட்டார். ‘ஆப்ஷன் பி அப்ரூவ்டு, சற்று இன்னும் அடர்த்தியாக’ என்று பதில் வரும். இப்படி ஒரு பதில் வந்தால் அது அப்ரூவலா இல்லையா? லேபில் பிடித்த அந்த நிறத்தை 300 கிலோ மெஷினில் அப்படியே கொண்டுவருவது வேறு கதை. முதல் லாட்டுக்கும் இரண்டாம் லாட்டுக்கும் மயிரிழை மாறும். உடம்பு ஒரு லாட்டிலும் கை ஒரு லாட்டிலும் வெட்டிவிட்டால் தைத்த பிறகு கண்ணைக் குத்தும்.

பல்க் துணி ஏறிய பிறகு நடக்கும் போன் பேச்சு அநேகமாக எல்லா ஆபீஸிலும் ஒரே மாதிரி இருக்கும்.

‘அண்ணா, நம்ம நேவி லாட் எப்பங்க வரும்?’

‘மெஷின்லதான் இருக்குதுங்க. நாளைக்கு மத்தியானம் எடுத்துக்கலாமுங்க.’

‘நேத்தும் இதேதானுங்க சொன்னீங்க.’

‘நேத்து பாய்லர் நின்னுபோச்சுங்க. நாளைக்கு ஆயிருமுங்க.’

இவ்வளவு மரியாதையாகப் பேசி இவ்வளவு குறைவாகத் தகவல் தருவது கொங்கு நாட்டுக்கே உரிய கலை. டையிங்காரர் கெட்டவர் இல்லை. அவரிடம் பத்துக் கம்பெனியின் துணி நிற்கிறது. பத்துப் பேருக்கும் நாளை மத்தியானம்தான். பணம் சீக்கிரம் தருகிற கம்பெனியின் துணி முதலில் மெஷின் ஏறும். உங்கள் கம்பெனி பில் தொகையை மூன்று மாதம் இழுக்கிறதென்றால், அசிஸ்டென்ட் எத்தனை ‘அண்ணா’ போட்டாலும் லாட் வராது. பேமென்ட்டைத் தள்ளிப் போட்டது அக்கவுன்ட்ஸ். லாட் தாமதத்துக்குத் திட்டு வாங்குவது மெர்ச்சண்டைசிங். அதனால்தான் போனை நம்பாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீரபாண்டிக்கோ அருள்புரத்துக்கோ நேரில் போய் மெஷினை எட்டிப் பார்க்கிறவர் தேறுகிறார்.

நொய்யலை மறந்துவிட்டு டையிங்கைப் பற்றிப் பேச முடியாது. சாயக் கழிவு ஆற்றில் கலந்ததற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கு மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயிகள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் யாரும் அந்தத் தீர்ப்பைத் தவறென்று சொல்ல மாட்டார்கள். பட்டறைகள் மூடியதும் ஊரின் துணி அகமதாபாத்துக்கும் லூதியானாவுக்கும் லாரி ஏறியது. சொட்டு நீரும் வெளியேறாத சுத்திகரிப்பு முறை நிலைபெற்ற பிறகுதான் டையிங் திரும்பவும் ஊருக்குள் ஓடத் தொடங்கியது. சுத்திகரிப்புச் செலவு துணி விலையில் ஏறியிருக்கிறது. அதை வெளிநாட்டு பையருக்குச் சொல்லி விலை கேட்கிற துணிச்சல் இன்றும் குறைவுதான்.

10 கிராம்

இந்த வேலையில் கணக்கு இல்லை என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு துணி வேண்டும் என்பதை எடையில்தான் சொல்வார்கள். உயரம் 72 சென்டிமீட்டர், கை 22, மடிப்புக்கும் தையலுக்கும் 10, ஆக 104. மார்பு அகலம் 52, கூட 4, ஆக 56. முன்னும் பின்னும் சேர்த்து இரண்டால் பெருக்கினால் 11,648 சதுர சென்டிமீட்டர். துணி 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) என்றால் எடை ஏறத்தாழ 210 கிராம். கட்டிங் வேஸ்ட் தனி.

துணி வந்ததும் ரவுண்டு கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டித் தராசில் வைப்பார்கள். 1.80 கிராம் காட்டினால் 180 ஜிஎஸ்எம். காம்பாக்டிங்கில் கொஞ்சம் இறுகி 189 வந்துவிட்டது என்று வையுங்கள். பையருக்கு ஆட்சேபம் இல்லை. 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று அவரே எழுதிக் கொடுத்திருப்பார். ரிப்போர்ட்டில் ‘பாஸ்’ என்று விழும். ஆனால் சட்டைக்கு 10 கிராம் கூடிவிட்டது. 50,000 சட்டைக்கு 500 கிலோ. கிலோ 500 ரூபாய் என்று வைத்தாலும் 2.5 லட்சம். பணம் போவதைவிடப் பெரிய வம்பு, வாங்கிய துணி பற்றாமல் போவது. கட்டிங் முடியும்போது 2,000 சட்டைக்கு மேல் குறையும். அதற்கு மறுபடி நூல், மறுபடி நிட்டிங், மறுபடி டையிங். புது லாட், புது ஷேடு. கப்பல் காத்திருக்காது. முதல் ரோல் வந்த அன்றே தராசில் பார்த்து ‘எடை கூடுது, காம்பாக்டிங்கை நிறுத்துங்க’ என்று சொல்கிற ஓர் அசிஸ்டென்ட், தன் ஆண்டுச் சம்பளத்தைவிட அதிகமான பணத்தை ஒரே போனில் காப்பாற்றிவிடுவார். அந்த போனைப் பண்ண அவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

லேபிள், பாலிபேக், கார்ட்டன் என்று நீளும் பட்டியலை இங்கே விரிக்கவில்லை. அத்தனையும் இதே மேசையில்தான். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். குழந்தை உடை. 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடையில் கழுத்திலும் தலைமூடியிலும் இழுகயிறு இருக்கக் கூடாது என்பது ஐரோப்பியப் பாதுகாப்பு விதி. பெரியவர்களுக்கான டிசைனை அப்படியே சின்ன சைஸுக்கு இறக்கும்போது டிசைனர்கள் சில சமயம் இதை மறப்பார்கள். டெக்பேக்கைத் திறந்ததும் அதைக் கண்டுபிடித்துக் கேட்பவரை வெறும் மெயில் பார்க்கிற ஆள் என்று சொல்லிவிட முடியுமா?

கடைசியில் இன்ஸ்பெக்‌ஷன். 20,000 பீஸ் ஆர்டர் என்றால் 315 பீஸை உருவி எடுத்துப் பார்ப்பார்கள். ஏக்யூஎல் (ஏற்கத்தக்க தர அளவு) 2.5 கணக்கில் 14 குறை வரை பாஸ், 15 என்றால் ஃபெயில். ஃபெயில் ஆனால் கார்ட்டனைப் பிரித்து மறுபடி செக்கிங். அதற்குள் கப்பல் போயிருக்கும். பிறகு விமானம், அந்தச் செலவு கம்பெனியின் தலையில். பையர் தள்ளிவிட்ட சரக்கு லேபிள் வெட்டப்பட்டு காதர்பேட்டைக்குப் போகும். சென்னையிலும் கொச்சியிலும் ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ என்று மலிவாக நாம் வாங்கிப் போட்டு மகிழ்கிற சட்டைகளில் சில, யாரோ ஒரு அசிஸ்டென்ட் தூக்கமில்லாமல் துரத்தித் துரத்தியும் தேதி தவறியவை.

யாருடைய தேதி?

இனி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தாமதத்துக்குக் காரணம் ‘ஃபாலோ-அப் சரியில்லை’ என்று பல கம்பெனிகளில் முடிவு கட்டுகிறார்கள். பெரும்பாலும் அது உண்மை இல்லை. ஆர்டரை வாங்கும்போதே முடியாத தேதிக்கு ஒப்புக்கொண்டு வாங்குகிறார்கள். பையருடன் மீட்டிங்கில் முதலாளியும் சீனியரும் உட்கார்ந்து ‘75 நாளில் தருகிறோம்’ என்று தலையாட்டிவிட்டு வருவார்கள். டையிங் பொறுப்பாளரையோ புரொடக்‌ஷன் மேனேஜரையோ கேட்டிருக்க மாட்டார்கள். பிறகு அந்த 75 நாள் கடைசி நாற்காலிக்கு ஃபார்வர்டு ஆகும். முடியாது என்று தெரிந்தும் ‘நோட்டட்’ என்று பதில் போடுவதுதான் அங்கே நல்ல பெயர்.

இரண்டாவது, விலையை மறைப்பது. காஸ்டிங் ஷீட்டை அசிஸ்டென்ட்டுக்குக் காட்டாத கம்பெனிகள் நிறைய. பக்கத்துக் கம்பெனிக்குத் தாவும்போது விலையையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்ற பயம். பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு ஆர்டரில் எவ்வளவு மிஞ்சுகிறது என்றே தெரியாதவரைப் பட்டனுக்குப் பத்து பைசா பேரம் பேச அனுப்புவது என்ன நிர்வாகம்? அவர் பட்டனில் பத்து பைசாவை மிச்சம் பிடிப்பார். 10 கிராம் துணியை விட்டுவிடுவார்.

மூன்றாவது, சம்பளம். தொடக்கநிலை அசிஸ்டென்ட்டின் சம்பளம் பல கம்பெனிகளில் பீஸ் ரேட்டில் தைக்கும் நல்ல பவர் டேபிள் டெய்லரின் மாத வருமானத்தைவிடக் குறைவு. டெய்லருக்கு அது அதிகம் என்று நான் சொல்லவில்லை. அவர் கையில் தொழில் இருக்கிறது. கோவை, திருப்பூர்க் கல்லூரிகளில் காஸ்ட்யூம் டிசைன், ஃபேஷன் டெக்னாலஜி படித்துவிட்டு வருகிறவர்களுக்கும் தொழில் வேண்டும். கல்லூரியில் நிறச் சக்கரம் சொல்லிக் கொடுக்கிறார்கள். பேமென்ட் தராத கம்பெனிக்காக டையிங்காரரிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக் கொடுப்பதில்லை. இரவில் அமெரிக்க பையர் ஆபீஸ் திறக்கும்போது இங்கே மெயிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதையும் சொல்வதில்லை. பெண்கள் நிறைய வருகிறார்கள், திருமணம் ஆனதும் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். மூன்று வருடம் பழகிய கண்ணும் காதும் அதோடு வீட்டுக்குப் போய்விடுகின்றன. அடுத்தவர் மறுபடி ஜன்னலோரம் நின்று நேவி புளூ பார்க்கத் தொடங்குகிறார்.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதமாக உயர்ந்தபோது இந்த மேசைதான் முதலில் ஆடியது. பாதி தைத்த ஆர்டருக்கு பையர் தள்ளுபடி கேட்டார், சிலர் ‘ஹோல்டு’ என்று ஒற்றைச் சொல்லில் மெயில் போட்டார்கள். வாங்கிவைத்த நூல், அடித்துவைத்த லேபிள், தைத்த பீஸ் என்று ஒவ்வொன்றின் இருப்பையும் அன்றிரவே கணக்கெடுத்துக் கொடுத்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் பிரிட்டனுடன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. ஒரு வாசல் ஒடுங்கும்போது இன்னொன்று திறக்கும். எந்த வாசல் வழியாகப் போனாலும் தேதி தவறினால் சரக்கு திரும்பி வரும்.

இந்த வேலைக்குப் போக நினைக்கிற பிள்ளைகளுக்கு: இன்டர்வியூவில் சம்பளத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள். காஸ்டிங்கில் எப்போது உட்கார வைப்பீர்கள் என்று. முகம் சுளித்தால் வேறு கம்பெனி பாருங்கள். முதல் ஆறு மாதம் ஏசி ரூமில் மெயில் பார்க்கச் சொல்கிற இடத்தைவிட, சாம்பிள் ரூமிலும் டையிங் ஷெட்டிலும் நிற்கச் சொல்கிற இடம் மேல். முதலாளிகளுக்கு: அடுத்த ஆர்டரை உறுதி செய்து மெயில் அனுப்பும் முன், அந்தத் தேதி ஆகுமா என்று உங்கள் அசிஸ்டென்ட்டை அழைத்து ஒரு முறை கேளுங்கள். ஆகாது என்று அவர் சொன்னால், கோபப்படாமல் ஏன் என்றும் கேளுங்கள்.